அச்சுக்கூடத்து வாசலில் ஒரு புலமைப்பரிசில்

ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் இருவர் 1841 ஜனவரி 7ஆம் திகதி 'உதயதாரகை' ஏட்டின் முதல் இதழை வெளிக்கொணர்ந்தார்கள். அச்சிட்டது மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம். பெயரை மட்டும் கேட்பவர் இவர்களை வெள்ளைக்காரத் துரைமார் என்றே எண்ணுவர். ஆனால் இருவரும் இந்த மண்ணின் பிள்ளைகள். வட்டுக்கோட்டை செமினரியில் படித்துத் தேறிய தமிழர்.

அந்தப் பெயர்கள் வந்த வழியில்தான் இக்கட்டுரையின் பொருளும் இருக்கிறது. அமெரிக்க மிஷன் நடத்திய விடுதிப் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் ஊண், உடை, படிப்பு ஆகியவற்றின் செலவைக் கடலுக்கு அப்பால் இருந்த ஒரு கொடையாளர் பொறுப்பேற்பார். தாம் மதித்த ஒரு போதகரின் பெயரையோ, தம் குடும்பப் பெயரையோ அப்பிள்ளைக்கு இடச் சொல்வார். ஹென்றி மார்ட்டின் என்பது இந்தியாவிலும் பாரசீகத்திலும் ஊழியம் செய்து 1812இல் மறைந்த ஆங்கிலப் போதகரின் பெயர். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை என்று நம் இலக்கிய வரலாற்றில் நிரம்பிக் கிடக்கும் இரட்டைப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு புலமைப்பரிசில் பதிவேடாகவே வாசிக்கலாம்.

மாணவப் பத்திரிகையாளருக்கான புலமைப்பரிசில், செய்முறைப் பயிற்சி என்ற பொருளில் ஒரு கட்டுரை தருமாறு மலர்க் குழுவினர் பணித்திருக்கிறார்கள். அவர்கள் எதிர்பார்த்தது இன்றைய பாடநெறிகளின் அட்டவணையாக இருக்கலாம். அத்தகைய அட்டவணை அடுத்த ஆண்டே பழையதாகிவிடும். அதைவிட, யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை எப்படிப் பத்திரிகையாளன் ஆனான், அவனுக்குச் சோறு போட்டவர் யார், தொழில் சொல்லிக் கொடுத்தவர் யார் என்பதை எடுத்துரைப்பதே மலருக்குப் பொருத்தம் என்று இக்கட்டுரையாளருக்குப் பட்டது. செமினரியின் முழு வரலாறும், ஆறுமுக நாவலர் பெருமானின் சரிதமும் இம்மலரைக் கையில் எடுப்போருக்கு மனப்பாடம். அவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

மானிப்பாயில் நடந்தது

மிஷனரிமார் அச்சு இயந்திரத்தோடு எளிதாக இங்கே இறங்கிவிடவில்லை. 1820இல் ஜேம்ஸ் கரெற் என்னும் அச்சாளர் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தார். பிரித்தானிய அதிகாரியான எட்வேர்ட் பார்ன்ஸ் அவரை நாட்டில் தங்க விடவில்லை. ஆள் நாட்டை விட்டுப் போக, இயந்திரம் நல்லூரில் இருந்த திருச்சபைத் தொண்டர் சங்கத்தாரின் கைக்குப் போயிற்று. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1834இல் ஈஸ்ட்மன் மைனர் என்ற அச்சாளர் வந்த பிறகே மானிப்பாய் அச்சுக்கூடம் தழைத்தது. அச்சுக்கோப்பதும் மெய்ப்புப் பார்ப்பதும் புத்தகம் கட்டுவதும் உள்ளூர் இளைஞரின் கைத்தொழிலாயின. அந்த அச்சுக்கூடம் பின்னாளில் 'ரிப்ளி அன்ட் ஸ்ட்ரோங்' என்ற பெயரில் தொடர்ந்ததைப் பழைய நூல்களின் முகப்பேடுகளில் இன்றும் காணலாம்.

'உதயதாரகை' இரு மொழியில், தமிழும் ஆங்கிலமுமாக வந்த ஏடு. சமயத்தோடு கல்வி, விஞ்ஞானம், பயிர்ச்செய்கை, அரசாங்க அறிவித்தல், உலகச் செய்திச் சுருக்கம் ஆகியனவும் அதில் இடம்பெற்றன. செமினரி வகுப்பில் வானசாத்திரமும் நியாய சாத்திரமும் கற்ற இளைஞன், தான் கற்றதை ஊரவர் விளங்கும் தமிழில் எழுதிப் பழகும் களமாக அது அமைந்தது. அப்போது செமினரியின் அதிபராயிருந்த ஹொய்சிங்ரன், பிற்பாடு சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்பது நம்மவர் பலரும் மறந்த செய்தி. சைவத்தை மறுக்க வந்தவரையே மெய்கண்டார் தம் நூலைப் படித்து எழுத வைத்துவிட்டார் என்று ஒரு சைவன் பெருமைப்பட்டுக்கொள்வதில் குற்றமில்லை.

அங்கே பயின்றவர்கள் எங்கெங்கே போனார்கள் என்பதைப் பார்த்தால் பயிற்சியின் தரம் விளங்கும். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை நெடுங்காலம் 'உதயதாரகை'யின் ஆசிரியராயிருந்தார். 1886இல் 'பாவலர் சரித்திர தீபகம்' தந்தவரும் அவரே. புலவர் வரலாறுகளைத் திரட்டி, ஒப்பிட்டு, நிரல்படுத்தும் அந்த நூலின் முறையில் பத்திரிகை ஆசிரியரின் கை தெரிகிறது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை செமினரிப் படிப்பை முடித்துச் சென்னைக்குப் போய், பேர்சிவல் பாதிரியார் தொடங்கிய 'தினவர்த்தமானி'யை நடத்தினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய இருவரும், அதாவது தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும், வட்டுக்கோட்டையின் மாணவர்கள். வீரசோழியம், கலித்தொகை என்று தாமோதரம்பிள்ளை பின்னர் பதிப்பித்த நூல்களைப் போற்றும் நாம், ஏட்டுச் சுவடியில் பாடபேதம் பார்க்கும் கண், செய்தித்தாள் மெய்ப்பிலும் பழகிய கண் என்பதைச் சொல்ல மறந்துபோகிறோம்.

இதற்கு உலக அளவில் என்ன மதிப்பு? அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தளபதி ரொபேர்ட் லீ, போருக்குப் பின் வாஷிங்டன் கல்லூரியின் தலைவரானார். பத்திரிகைத் தொழிலுக்குப் போக விரும்பும் இளைஞருக்கு ஐம்பது புலமைப்பரிசில்கள் தரலாம் என்று 1869இல் அவர் முன்மொழிந்தார். பரிசில் பெறுபவர் வேலைநாள் ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் அச்சுத்தொழிலில் ஈடுபட வேண்டும் என்பது நிபந்தனை. முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. மிசூரிப் பல்கலைக்கழகம் 1908 செப்டெம்பரில் இதழியல் கல்லூரியைத் திறந்த நாளிலேயே மாணவர் கையால் ஓர் உண்மையான நாளிதழை வெளியிட்டுக் காட்டியது. 'செய்து கற்றல்' என்ற முறைக்கு அதுவே முன்னோடி என்று உலகம் பேசுகிறது. அதற்கு அறுபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே மானிப்பாயில் 'உதயதாரகை' உதித்துவிட்டது. செமினரி ஓர் இதழியல் கல்லூரி அல்லத்தான். அது போதகரையும் ஆசிரியரையும் உருவாக்க எழுந்தது. ஆனாலும் கொடையால் வளர்க்கப்பட்ட மாணவனும் நடப்பிலுள்ள ஏடும் ஒரே மிஷனின் நிழலில் சந்தித்தது இங்கேதான் முன்னர் நடந்தது.

மறுபக்கமும் உண்டு. 1855இல் ரூபஸ் அண்டர்சன் தலைமையில் பொஸ்ரனிலிருந்து தூதுக்குழு வந்தது. ஆங்கிலம் கூடிவிட்டது, படித்தவர் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று முடிவுகட்டினார்கள். அந்த ஆண்டே செமினரி மூடப்பட்டது. கொடையாளர் கை மடங்கியதும் கதவு சாத்தப்பட்டது. ஊரவர் விடாது முயன்று 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியாக அதனை மீட்டெடுத்தது தனிக்கதை. தொலைவிலுள்ள பணத்தை நம்பி நடக்கும் கல்விக்கு இந்தப் பதினேழு ஆண்டு இடைவெளி ஒரு பாடம்.

வண்ணார்பண்ணையின் மறுமொழி

'உதயதாரகை'யின் தொடக்க ஆண்டுகளில் பெயரிடப்படாத ஒரு கடிதம் அதில் வந்தது. சைவரின் கோயில் வழிபாட்டை இகழ்வோர் தம் வேதத்திலேயே எருசலேம் ஆலயத்துச் சடங்குகள் எவ்வாறு கூறப்பட்டுள்ளன என்று பார்க்கட்டும் என்ற போக்கில் அமைந்த கடிதம் அது. எழுதியவர் அந்நாளில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்த ஆறுமுகம் என்னும் இளைஞரே என்று ஆய்வாளர் கருதுவர். பின்னாளின் நாவலர் பெருமான் அவர். எதிர்ப்பாளரின் கடிதத்தை அச்சிட்ட அந்த ஏட்டின் நேர்மையும் போற்றத்தக்கது. எதிராளியின் களத்தில், எதிராளியின் நூலையே சான்றாக வைத்து வாதிடும் வித்தையை ஒரு மாணவ வயதினர் எங்கே கற்றார்? வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில் பேர்சிவலுக்கு உதவியாக இருந்த அந்த மேசையில்தான். சொல் சொல்லாக நிறுத்துப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது.

1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலை. 1849இல் சென்னைப் பயணம், திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் பட்டம், திரும்பி வருகையில் ஓர் அச்சு இயந்திரம். பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் அடுத்தடுத்து வண்ணார்பண்ணையில் எழுந்தன. பணத்துக்குப் பொஸ்ரன் இல்லை. வீடுவீடாகப் பெண்கள் உலை வைக்கும்போது எடுத்து வைத்த பிடியரிசி இருந்தது. அந்தப் பிடியரிசியைச் சேர்த்து ஒரு பள்ளிக்கூடத்தை ஓட்டிய ஊர் இது. மிஷனின் கொடைமுறையை நாவலர் எதிர்க்கவில்லை. அதன் உள்ளூர் வடிவத்தைக் கண்டுபிடித்தார் என்று சொல்லலாம். அந்த வழியில் வந்தவர்களே 1888இல் சைவபரிபாலன சபையை அமைத்தார்கள். 1889 செப்டெம்பர் 11இல் 'இந்து சாதனம்' ஏட்டைத் தொடங்கினார்கள். கத்தோலிக்கர் 1876இலேயே 'பாதுகாவலன்' ஏட்டை நிறுவியிருந்தனர். மூன்று சமயத்தாரும் மூன்று அச்சுக்கூடம் வைத்து வாதிட்டதால் வளர்ந்தது தமிழ் உரைநடை. இலாபம் அடைந்தவர்கள் அந்த அச்சுக்கூடங்களில் எழுத்துக் கோத்துப் பழகிய பிள்ளைகள்.

வள்ளுவரும் பவணந்தியாரும் தரும் பாடத்திட்டம்

செய்தி சேகரிக்கும் கலைக்கு மேல்நாட்டுப் பாடநூல்களையே தேடுவோர், திருக்குறளின் ஐம்பத்தொன்பதாம் அதிகாரத்தைத் திறந்து பார்த்ததுண்டா? ஒற்றாடல் என்பது அதன் தலைப்பு. அரசனுக்கு ஒற்றன் எப்படியோ அப்படி மக்களுக்கு நிருபன் என்று கொண்டு வாசித்தால், பத்துக் குறளும் ஆசிரியபீடத்தில் மாட்டி வைக்கத் தகுந்தவை. யாவர்க்கும் நிகழ்வன யாவற்றையும் நாள்தோறும் விரைந்தறிதல் ஆள்வோனின் தொழில் என்கிறார் வள்ளுவர். ஒரு நாளிதழின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் வகுத்ததில்லை. தன் வினைசெய்வார், தன் சுற்றத்தார், தன்னை வேண்டாதவர் என்ற மூவகையினரையும் ஒருபடியாக ஆராய வேண்டும் என்பது மற்றொரு குறள். நம்மவர் தவறை மறைத்து மாற்றார் தவறை மட்டும் தலைப்பிடும் ஏடுகள் இந்தக் குறளை இருமுறை படிக்கலாம்.

பின்னர் வரும் இரண்டு குறள்கள் இன்னும் நுட்பமானவை. ஒருவன் கொண்டுவந்த செய்தியை மற்றொருவனைக் கொண்டும் ஒத்துப் பார்த்துக் கொள்க என்கிறது ஒன்று. ஒருவரையொருவர் அறியாத மூவரை அனுப்பி, மூவர் சொல்லும் ஒன்றுபட்டால் மட்டுமே தெளியலாம் என்கிறது மற்றொன்று. ஒருவரையொருவர் அறியாமை என்ற நிபந்தனையே இதன் உயிர். ஒரே முகநூல் பதிவைப் பார்த்து மூன்று பேர் சொன்னால் அது மூன்று சான்று அல்ல, ஒரு சான்றுதான். அதிகாரத்தின் கடைசிக் குறளோ, ஒற்றனைப் பலரறியச் சிறப்பிக்காதே, சிறப்பித்தால் மறை வெளிப்பட்டுவிடும் என்று எச்சரிக்கிறது. தகவல் தந்தவரைக் காட்டிக்கொடாமை என்ற தொழிலறத்துக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது என்று நாம் பெருமை பேசலாம். ஒற்றன் ஒரே ஒருவனுக்கு மறைவில் சொல்கிறான், நிருபன் ஊரறியச் சொல்கிறான் என்ற வேற்றுமையை மறந்துவிடலாகாது. அந்த இடத்தில் முப்பதாம் அதிகாரமாகிய வாய்மை துணைக்கு வரும். பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்பதை, இறந்தவரின் படத்தை முதற்பக்கத்தில் இடுமுன் எண்ணிப் பார்க்கலாம்.

கிறிஸ்தவ அன்பர்களும் இம்மலரை வாசிப்பார்கள். அவர்களுக்கு லூக்கா நற்செய்தியின் முகவுரையை நினைவூட்டலாம். கண்ணாரக் கண்டவர்கள் சொன்னவற்றை ஆதிமுதல் திட்டமாக விசாரித்து, ஒழுங்காக எழுதுவதாக அவர் அங்கே கூறுகிறார். விசாரித்தல், ஒழுங்குபடுத்தல், பெயர் குறித்த ஒரு வாசகனுக்கு எழுதுதல் ஆகிய மூன்றும் அந்த நாலு வசனத்துள் அடங்கிவிடுகின்றன.

இனி நன்னூல். பாயிரப் பகுதியில் பவணந்தி முனிவர் பாடம் கேட்கும் முறையைக் கணக்குப் போட்டே காட்டுகிறார். ஆசிரியன் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் புலமையில் காற்பங்குதான் வரும். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. மற்ற அரைப்பங்கும் தான் பிறருக்கு எடுத்துரைப்பதால் மட்டுமே நிரம்பும். நாவலர் இந்நூலுக்குக் காண்டிகையுரை எழுதியதோடு, வகுப்பில் மேற்படி கணக்கைக் கைக்கொண்டும் காட்டினார். மூத்த மாணாக்கர் இளையாருக்குப் பாடஞ் சொன்னார்கள், பிரசங்கமும் செய்தார்கள். இதழியலுக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்தலாம். விரிவுரை மண்டபத்தில் கிடைப்பது காற்பங்கு. சக மாணவரோடு மாணவர் இதழ் நடத்துவதில் இன்னொரு பங்கு. ஊரறிய எழுதி, தவறுக்குத் திட்டு வாங்கித் திருத்தம் போடுவதில்தான் மீதி அரைப்பங்கு. சான்றிதழ் மட்டும் கொடுத்து அனுப்பும் பாடநெறி, முதல் காற்பங்கோடு நின்றுவிடுகிறது. அதே பாயிரம் சொல்லும் பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறலும் வெற்றெனத் தொடுத்தலும் இன்றைய இணையத் தலைப்புகளைப் பார்த்தே எழுதியவைபோல இருக்கின்றன.

சுன்னாகத்திலிருந்து யாழ் நகருக்கு

1930 ஜூன் 22இல் குரும்பசிட்டி நா. பொன்னையா சுன்னாகத்தில் 'ஈழகேசரி'யைத் தொடங்கினார். 1958 வரை அது வந்தது. அவருடைய திருமகள் அழுத்தகத்திலேயே மகாவித்துவான் சி. கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புகளோடு தொல்காப்பியம் பதிப்பாகி வந்தது. ஒரு கட்டையில் சேனாவரையர் உரைக்குக் குறிப்பு, மறு கட்டையில் கிராமச் சங்கத் தேர்தல் முடிவு. அந்த இரண்டையும் கோத்த கைகளுக்கு எழுத்துப்பிழை எளிதில் வந்திராது. இளைஞருக்கென்று ஏட்டில் பக்கம் ஒதுக்கியதும் பொன்னையாவின் பெருந்தன்மை. அங்கே எழுதிப் பழகியவர்கள் பலர் நாற்பதுகளின் மறுமலர்ச்சிக் குழுவில் சேர்ந்து ஈழத்து இலக்கியத்தின் தூண்களானார்கள். 'ஈழகேசரி' ஆசிரியர்களுள் ஒருவரான சோ. சிவபாதசுந்தரம் வானொலிக்குச் சென்று, லண்டன் பிபிசி தமிழ்ச் சேவைக்குத் 'தமிழோசை' என்ற பெயரிட்டார். 'ஒலிபரப்புக் கலை' என்ற அவரது நூல் தமிழில் வானொலிப் பயிற்சிக்கென எழுந்த முதன்மையான நூல். அத்தகைய நூல் ஒன்றை இன்றைய யூரியூப் காலத்துக்கு ஒருவரும் எழுதவில்லையே என்ற ஆதங்கம் இக்கட்டுரையாளருக்கு உண்டு.

'ஈழநாடு' 1959 பெப்ரவரி 11இல் பிறந்தது. கே. சி. தங்கராசாவும் அவர் சகோதரர் வைத்தியர் சண்முகரத்தினமும் தொடங்கிய அது 1961 முதல் நாளிதழாயிற்று. கொழும்புக்கு வெளியே ஒரு தமிழ் நாளேடு நடத்தலாம் என்பதை அதுவே மெய்ப்பித்தது. ஆசிரியர் கே. பி. ஹரன் தமிழகத்தவர், வீரகேசரியில் பணிபுரிந்து வந்தவர். அவரது மேசையைச் சுற்றி ஒரு தலைமுறை உருவாயிற்று. அக்காலத்தில் எவரிடமும் இதழியல் சான்றிதழ் இல்லை. புதிதாக வருபவரை ஒப்புநோக்கும் பகுதியில் இருத்துவார்கள். ஒருவர் மூலப்பிரதியை உரத்து வாசிக்க, மற்றவர் மெய்ப்பில் கண்ணோட்டுவார். சில மாதம் இப்படி இருந்தால் நல்ல செய்தி எது, சப்பையான செய்தி எது என்பது காதுக்கே தெரிந்துவிடும். அதன்பின் ஊர்ச்செய்தி, நீதிமன்றம், கச்சேரி, இறுதியில் ஆசிரிய தலையங்கம். 'கோபு' என்று அன்போடு அழைக்கப்பட்ட எஸ். எம். கோபாலரத்தினமும் வீரகேசரியில் ஒப்புநோக்குநராகத் தொடங்கியவரே. ஈழநாடு, ஈழமுரசு என்று கடந்து, இந்திய அமைதிப்படைக் காலத்தில் சிறை இருந்து, அச்சிறையைப் பற்றியே நூலும் எழுதியவர் அவர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அதிபராயிருந்து ஓய்வுபெற்ற ந. சபாரத்தினம் பிற்காலத்தில் ஈழநாட்டின் ஆசிரியரானார். வகுப்பறையும் ஆசிரியபீடமும் ஒன்றுக்கொன்று அன்னியமாய் இருக்கவில்லை என்பதற்கு அவர் ஒரு சான்று. பல்கலைக்கழகமோ என்றால், 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராக வந்த பேராசிரியர் க. கைலாசபதி, இளமையிலேயே 'தினகரன்' ஆசிரியராயிருந்தவர்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த அந்நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. இதற்கு மேல் இங்கே சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பறையும் வெடிச்சத்தமும்

இலங்கைப் பத்திரிகை நிறுவனம் 2003இல் உருவாயிற்று; அதன் இதழியல் கல்லூரி அடுத்த ஆண்டு கொழும்பில் தொடங்கி, சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழியிலும் ஓராண்டு டிப்ளோமா நடத்திற்று. சுவீடனின் உதவி அதற்குப் பெரிய பின்பலம். கல்மார் நகரிலுள்ள போயோ என்னும் இதழியல் பயிற்சி நிறுவனம் பாடத்திட்டத்துக்குக் கைகொடுத்தது. யாழ் பல்கலைக்கழகத்திலும் ஊடக வளங்கள், பயிற்சி ஆகியவற்றுக்கான நிலையம் ஒன்று தொடங்கி இளைஞரைச் சேர்த்தது. சமாதானம் வந்துவிடும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது.

ஆனால் காலம் வேறுவிதமாய்த் திரும்பியது. 2006 மே 2ஆம் திகதி, உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்துக்கு முந்திய மாலையில், யாழ்ப்பாணத்து 'உதயன்' நாளிதழ் அலுவலகத்துள் ஆயுததாரிகள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட, பத்திரிகைத் தாளும் தட்டுப்பாடாயிற்று. 2007 ஏப்ரலில் உதயனின் இளம் நிருபர் செல்வராஜா ரஜீவர்மன் நகரத்தில் பட்டப்பகலில் சுடப்பட்டார். அதே ஆண்டு ஓகஸ்ட் 1இல் கொக்குவிலில், தன் வீட்டிலேயே, சகாதேவன் நிலக்சன் கொல்லப்பட்டார். வயது இருபத்திரண்டு. அவர் மேற்சொன்ன பல்கலைக்கழகப் பயிற்சி நிலையத்தின் மாணவர். 'சாளரம்' என்ற மாணவர் இதழை நடத்தியவர். 2000 ஒக்டோபரில் பிபிசியின் யாழ்ப்பாணச் செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் ஊரடங்கு நேரத்தில் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டதிலிருந்து நீளும் பட்டியலில் நிலக்சன் ஒருவர். ஆயினும், படித்துக்கொண்டிருக்கும்போதே இந்தத் தொழிலுக்காக உயிர் கொடுத்தவர் என்ற வகையில், மாணவப் பத்திரிகையாளர் என்று பேசும் எந்த மலரும் அவர் பெயரை விட்டுவிட்டுப் போக இயலாது.

போர் முடிந்தபின் நிதி உதவி நிறுவனங்கள் பெருகின, பயிலரங்குகள் பெருகின. ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு நாள், மதிய உணவு, கைப்பை, சான்றிதழ், குழுப்படம். நல்லது கற்றவர்களும் உண்டு. ஆனால் அனுசரணை முடியும் மாதத்தோடு பயிற்சியும் முடிந்துவிடுகிறது. 1855இல் நடந்ததன் சிறு பதிப்பு இது. இப்போது பாடசாலை உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடம். யாழ் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் ஊடகக் கற்கைகள் துறையும் இருக்கிறது. கற்பிக்க இடம் உண்டு. பிள்ளை பழகுவதற்கான மேசைதான் சுருங்கிவிட்டது. நாளேடுகளிலோ ஆட்குறைப்பு, புதியவரை ஆறு மாதம் அருகில் இருத்திச் சொல்லிக்கொடுக்க மூத்தவருக்கு நேரமில்லை. ஊதியமில்லாத பயிலுநராகக் காலம் தள்ள வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கே முடிகிறது. கரையோரத்துப் பிள்ளையும் தோட்டக்காரரின் பிள்ளையும் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த வீடுகளின் செய்தியை எழுத யாரும் இல்லாமற் போகிறது.

தமிழகத்தில் விகடன் நிறுவனம் 1980களில், எஸ். பாலசுப்பிரமணியன் காலத்தில் தொடங்கிய மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டத்தை இங்கே எடுத்துக்காட்டத் தோன்றுகிறது. கல்லூரியில் படிக்கும்போதே தேர்ந்தெடுத்து, ஊரிலிருந்தபடியே செய்தி எழுத வைத்து, அச்சேறியதற்குச் சன்மானமும் கொடுத்தார்கள். தமிழ்நாட்டு ஊடகங்களில் இன்று பெயர் பெற்றவர்களுள் கணிசமானோர் அந்த வழியாக வந்தவர்கள். படிப்பு, வேலை, பணம் மூன்றையும் ஒரே ஆண்டில் ஒரே பிள்ளையின் கையில் சேர்த்ததே அதன் வெற்றி.

இனிச் செய்ய வேண்டியது

இம்மலரைப் பெறுவோர் பலர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பரிஸிலும் இருப்பவர்கள். ஊர்க்கோயில் கோபுரத்துக்கும் பாடசாலை விளையாட்டுத் திடலுக்கும் அள்ளிக் கொடுப்பவர்கள். அந்தக் கை ஒரு பிள்ளையின் ஓராண்டையும் தாங்கட்டும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும் வரை காத்திருக்கும் மாதங்கள் வீணே கழிகின்றன; பயிற்சியை அங்கிருந்தே தொடங்கலாம். மாதக் கொடுப்பனவு, பேருந்துச் செலவு, கைபேசி இணையம், விபத்துக் காப்புறுதி ஆகிய நான்கும் இருந்தால் போதும். மூலதனம் வங்கியில் கிடக்க வட்டியில் நடத்துவதே நிலைத்த வழி. கணக்கைப் பாடசாலைப் பழைய மாணவர் சங்கமோ பல்கலைக்கழகத் துறையோ பார்க்கட்டும். பத்திரிகை நிறுவனத்தின் கையில் பணம் போக வேண்டாம். செய்தியில் கொடையாளர் தலையிடவும் கூடாது. பணம் தந்தவரின் மைத்துனர் பிரதேச சபையில் இருந்தாலும், அந்தச் சபையைப் பற்றி எழுதப் பயிலுநருக்கு உரிமை இருக்க வேண்டும் என்பதை அறக்கட்டளைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

பயிற்சி எங்கே நடக்க வேண்டும் என்றால், முதலில் ஒப்புநோக்கும் மேசை. பிறகு மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி நீதிமன்றங்கள். திருநெல்வேலிச் சந்தையின் வெங்காய விலை, குருநகர் மீனவரின் வலை, குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு விண்ணப்பமாவது ஒவ்வொரு பயிலுநரும் தன் கையால் எழுதிப் போட வேண்டும். பதினான்கு வேலைநாளுக்குள் அலுவலர் முடிவு சொல்லாவிட்டால் எங்கே மேன்முறையீடு செய்வது என்பதை அனுபவத்தில் அறியட்டும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. சுண்ணாம்புக்கல் நிலத்தடியில் நீர் எப்படிப் பரவுகிறது என்று தெரியாத நிருபர் அந்தச் செய்தியை இருபுறத்து அறிக்கைகளாக மட்டுமே எழுத முடியும். ஆகவே ஒரு வாரம் நீர்வள அலுவலகத்திலும் இருத்தலாம். ஒருவரையொருவர் அறியாத மூவரைக் கேட்டாயா என்று கேட்க மூத்தவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியபீடத்தார் இன்னும் பலர் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு மதிப்பூதியம் ஒதுக்குங்கள்.

பழைய ஏடுகளைத் தேடி அலைய வேண்டியதுமில்லை. 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்து ஏடுகளையும் நூல்களையும் எண்ணிம வடிவில் இலவசமாக வைத்திருக்கிறது. பயிலுநர் தன் ஊரைப் பற்றிய ஒரு பழைய 'ஈழகேசரி'ச் செய்தியை அங்கே எடுத்து, அதே குளமோ வீதியோ பாடசாலையோ இன்று எந்த நிலையில் உள்ளது என்று போய்ப் பார்த்து எழுதிவரட்டும். முதல் மாதத்துக்கு அந்த ஒரு வேலையே போதும்.